அடைப்புக்குறிக்குள் அப்புக்காத்து

எங்கள் சனத்துக்குக் காலையில் கோப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மரண அறிவித்தல் பார்க்க வேண்டும். கனடாவில், மில்லிக்கனில் மகன் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு நானும் ஃபோனில் முதலில் தட்டுவது அதைத்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் ஆவார் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பழகிய கண் அதையெல்லாம் வாசிக்காது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன கிடக்கிறது என்றுதான் பார்க்கும். கந்தையா பாலசிங்கம் காலமானார் என்றால் யாருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் ‘சோடா மாமா’ என்று போட்டால் போதும். இங்கேயிருந்து விட்பி வரைக்கும் ஆட்கள் தலையில் கை வைப்பார்கள்.

போன கார்த்திகையில் எங்கள் அப்புக்காத்து செத்துப்போனபோது அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டார்கள். அதனால் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன். அதற்கு முதல் மனுசன் யாரென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் அதே பிழையைத்தான் விட்டவளாவேன்.

அவருக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் கிளிபோட். அந்தோனிப்பிள்ளை கிளிபோட், பாசையூர். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது வங்கியும் டொக்டரும் மட்டும்தான். மனைவி யூஜினி அக்காகூட “இஞ்சேருங்கோ” என்றுதான் கூப்பிடுவார். மற்ற எல்லாருக்கும் அவர் அப்புக்காத்து. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்லுவார்கள். இவர் கறுப்புக் கோட்டுப் போட்டவரில்லை. நீதிமன்றப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினவரில்லை. பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் தயிர்ப் பேணிக்குப் பிளாஸ்ரிக் மூடி அடித்தவர். நானும் அங்கேதான் பெட்டியில் அடுக்கினேன். அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்களிடம் கார் இல்லை. கிளிபோட் அண்ணையிடம் ஒரு பழைய வான் இருந்தது. விடியப்புறம் ஸ்காபரோவில் தெருத் தெருவாய் நின்று எங்களை ஏற்றுவார். கதவு ஒழுங்காகப் பூட்டாது. கதவோரம் இருக்கிறவர் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நெடுஞ்சாலையில் போக வேண்டும். பெரும்பாலும் அது சிவபாதம். குளிரில் கை விறைத்து அவன் தூஷணம் சொல்ல, நாங்கள் சிரிக்க, பின்சீற்றில் யாரோ புட்டுப் பொதியைத் திறக்க, வான் முழுக்கத் தேங்காய்ப்பூ வாசம் வரும். இப்போது என் மகனின் காரில் சீற்றுக்கே சூடு வருகிறது. அந்த வானுக்குள் இருந்த சூடு அதில் வருவதில்லை. இதைச் சொன்னால் மகன் கண்ணை உருட்டுவான். உருட்டட்டும்.

எங்கள் வரிசையில் ராஜி என்று ஒரு பிள்ளை, வயிற்றில் ஏழெட்டு மாதம். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். போர்மன் ஒருநாள் விடமாட்டேன் என்றான், இடைவேளைக்குத்தான் போகலாமாம். அவள் கண் கலங்கிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் கிளிபோட் அண்ணை தன் மெசினை விட்டு வந்தார். கையை உயர்த்தி, “எக்ஸ்கியூஸ் மீ சேர், வன் ஸ்மோல் திங்” என்றார்.

போர்மன் அந்தச் சின்ன விசயம் என்னவென்று கேட்கக் காத்துக்கொண்டு நின்றான். ஆனால் அண்ணையிடம் இருந்த இங்கிலீஸ் அவ்வளவுதான். மேலே ஒரு சொல்லும் வரவில்லை. மனுசன் வெட்கப்படவும் இல்லை, பின்னுக்குப் போகவும் இல்லை. ராஜியின் இடத்தில் போய் நின்று அவளுடைய மூடிகளை அடுக்கத் தொடங்கினார். தலையை ஆட்டி ‘நீ போ பிள்ளை’ என்று காட்டினார். அவருடைய மெசின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. போர்மனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த நாளும் அதேதான். அதற்கு அடுத்த நாள் போர்மன் தானாகவே ராஜியைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டான், போய்வா என்று.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குள் அவர் நுழைய, நான் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்: “வழி விடுங்கோ, எங்கட அப்புக்காத்து வாறார்!”

நக்கலுக்குத்தான் சொன்னேன். அரை வசனத்தோடு வழக்கை முடித்த மனுசனை வேறெப்படிக் கூப்பிடுவது? அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் தொப்பியைக் கழற்றி, நீதிமன்றத்தில் நிற்கிறவர் மாதிரிக் குனிந்து கும்பிட்டார். அன்றோடு கிளிபோட் போய்விட்டார்.

பக்கத்து மேசையில் எல் சல்வடோர்க்காரி மிர்னா இருப்பாள். எங்களைப் போல அவளும் சண்டைக்குத் தப்பி வந்தவள். அவளோடு நெஸ்ரர், பிலிப்பைன்ஸ்காரன். எதற்குச் சிரிக்கிறீர்கள், அந்த ஆளை என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று மிர்னா கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் சொன்னேன், அப்புக்காத்து, அதாவது லோயர். அவள் வாயில் வைத்த அப்பத்தை வெளியே எடுத்துவிட்டு, “அபொகாதோ!” என்றாள். ஸ்பானிய மொழியில் லோயருக்கு அதுதானாம். நெஸ்ரர் மேசையில் தட்டினான். அவனுடைய ஊரிலும் அபொகாடோ என்றுதான் சொல்லுவார்களாம். ஸ்பானியன் முந்நூறு வருசத்துக்கு மேலே இருந்து ஆண்டுவிட்டுப் போகும்போது கோயிலையும் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டுப் போனானாம்.

எங்களிடம் அதைப் போர்த்துக்கேயன் தந்தானோ, அவனுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தன் தந்தானோ எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் கிட்டத்தட்ட அதே சொல்தான் இருந்ததாம். யாரோ கப்பல்காரர் ஆளுக்கொரு கரையில் இறக்கிவிட்டுப் போன சொல், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பிக்கரிங்கில் ஒரு சாப்பாட்டு மேசையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் மூன்று பக்கத்து ஆட்களும் சொந்தக்காரர் மாதிரிக் கதைத்தோம். எங்களை ஆண்டவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள், நாங்கள் மைக்ரோவேவுக்கு வரிசையில் நின்றவர்கள்.

அதற்குப் பிறகு பட்டர் புரூட், அதுதான் அந்தச் சொல் மாதிரியே ஒலிக்கிற அவகாடோ, வந்த நாளெல்லாம் கொண்டாட்டம்தான். மிர்னா அதில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சாப்பிடுவாள். நாங்களும் நெஸ்ரரும் சீனியும் பாலும் விட்டு அடிப்போம். அவள் எங்களைக் கொலைகாரரைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். பழம் வந்த வலைப்பையில் இங்கிலீசில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். பிரெஞ்சில் இந்தப் பழத்துக்கும் லோயருக்கும் ஒரே சொல்தான் என்று கியூபெக்கில் இருந்து வந்திருந்த ஒரு பெட்டை சொல்லிவிட்டாள். நெஸ்ரர் விடுவானா? பையில் இருந்த அட்டையைக் கிழித்து அப்புக்காத்தின் நெஞ்சில் ஒட்டிவிட்டான். மனுசன் அதோடேயே பின்னேரம் வரைக்கும் மூடி அடித்தார்.

விளையாட்டாக ஒட்டின பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யத் தொடங்கியது. அப்புக்காத்து என்று கூப்பிட்டுப் பழகினவர்களுக்கு, ஒரு சிக்கல் வந்தால் வேறு யாரைக் கூப்பிடத் தோன்றும்? பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அதிபர் வரச்சொல்லியிருக்கிறார், பேஸ்மென்ற் வீட்டுக்காரன் ஹீற்றரைப் போடுகிறான் இல்லை, பல்லுப் பிடுங்கப் பயமாக இருக்கிறது, எல்லாத்துக்கும் அவர்தான். மிர்னாவும் கூப்பிடுவாள், நெஸ்ரரும் கூப்பிடுவான். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

“எத்தினை மணிக்கு?”

அந்த நேரத்துக்கு நீலக் கம்பளித் தொப்பியும் அடர்ந்த மீசையுமாக வாசலில் நிற்பார். “நீங்கள் கதையுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்” என்பார். அவ்வளவுதான். அவர் போய் வாதாடினார், வென்றார் என்று நான் கதை விடமாட்டேன். பாதி இடத்தில் அவருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கியிருக்காது. ஆனால் பக்கத்துக் கதிரையில் ஒரு ஆள் இருந்தால் எங்களுக்குக் குரல் வரும். என் மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்ததுக்காக வகுப்புக்கு வரவிடாமல் மறிக்கப்போகிறோம் என்றபோது, நான் அந்த அதிபருக்கு முன்னால் இருந்து கதைத்த கதை இன்றைக்கும் எனக்கே நம்பமுடியாது. அப்புக்காத்து பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதிபரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “தங்கச்சி, நல்லாச் சொன்னாய். என்ன சொன்னனீ?” என்று கேட்டார்.

அவருக்கும் யூஜினி அக்காவுக்கும் ஒரே பிள்ளை, ஏஞ்சலா. கெட்டிக்காரி. அவள் படித்து உண்மையான லோயராகவே வந்துவிட்டாள். படிக்கிற காலத்தில் ஒருநாள், அப்புக்காத்து என்ற சொல்லின் அடி லத்தீனில் இருக்கிறது, ‘பக்கத்தில் வரச்சொல்லிக் கூப்பிடப்பட்டவன்’ என்றுதான் அர்த்தம் என்று வந்து சொன்னாள். அப்பன் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப சரியாத்தான் வைச்சிருக்கிறாங்கள்” என்றார்.

அவள் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று படத்துக்கு நல்லாயிருக்காது என்று அப்பனின் மீசையை எடுக்க வைத்தாள். கோட்டும் ரையும் கட்டி, மீசையில்லாமல், தொப்பியில்லாமல் ஒரு படம். நான் பார்த்துவிட்டு, உது ஆர் இந்த வெள்ளைக்காரன் என்று கேட்டேன். அன்றைக்குப் பிளாசாவில் கோப்பி குடிக்கிற எங்கள் கூட்டத்திடம் வந்து, “இனி என்னை அப்புக்காத்து எண்டு கூப்பிடாதேங்கோ, வீட்டில ஒறிஜினல் இருக்கு” என்று அறிவித்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் அதில் கவலையில்லை. மீசையும் திரும்ப வளர்ந்துவிட்டது.

போன கார்த்திகையில் ஒருநாள் பின்னேரம் கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. யூஜினி அக்கா எனக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தார். நான் போய் அவரோடேயே இருந்துவிட்டேன். சமையல், தேத்தண்ணி, வருகிற சொந்தங்களுக்குப் படுக்கை என்று எனக்குக் கை ஓயவில்லை. அறிவித்தலை ஏஞ்சலா எழுதினாள். நான் எட்டிப் பார்த்தபோதுதான் அந்த மீசையில்லாத படம். பெயர் அந்தோனிப்பிள்ளை கிளிபோட். பக்கத்தில் வெறுமை.

“பிள்ளை, அப்புக்காத்து எண்டு போடேல்லையே?” என்றேன்.

“வேண்டாம் அன்ரி.”

“ஏன்?”

“அப்பா லோயர் இல்லை. லைசென்ஸ் இல்லாத ஆளை அப்பிடிப் போடுறது சரியில்லை” என்றாள். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அதுவும் இல்லை அன்ரி. It was a joke. ஒரு ஃபாக்டரி வேர்க்கரைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து சிரிச்ச ஜோக். நான் சின்னனில இருந்து பாத்துக்கொண்டு வாறன். அவற்ற கடைசி நோட்டீசிலயும் அவரைப் பாத்துச் சிரிக்க வேண்டாம். ப்ளீஸ்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பனை இழந்த பிள்ளையோடு சண்டை பிடிக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு போய் வெங்காயம் உரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நக்கல்தான். யார் இல்லையென்றது? நக்கல் இல்லாமல் எங்கள் சனம் யாருக்கு மரியாதை கொடுத்திருக்கிறது? பிடிக்காத ஆளுக்குத்தான் நாங்கள் மிஸ்டர் போடுவோம்.

சனிக்கிழமை பின்னேரம் பார்வைக்கு வைத்தார்கள். ஞாயிறும் பார்வை, திங்கள் பூசையும் அடக்கமும். சனிக்கிழமை பனியும் கொட்டவில்லை, ரோட்டிலே ஒரு தடையும் இல்லை. பெரிய மண்டபம். கதிரைகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் வீட்டு ஆட்கள். பிறகு கோயில் ஆட்கள் சிலர், ஏஞ்சலாவின் வேலைக் கந்தோரில் இருந்து கறுப்புடுப்போடு வந்த ஒரு சின்னக் கூட்டம். அவர்களும் கை கொடுத்துவிட்டுப் போக, மிச்சக் கதிரைகள் சும்மா கிடந்தன. பெட்டிக்குள் அப்புக்காத்து கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு கிடந்தார்.

நேரம் போகப் போக யூஜினி அக்கா வாசலைப் பார்க்கிறதை விட்டுவிட்டார். என் கையைப் பிடித்தார்.

“குணா, ஏன் ஒருத்தரும் வரேல்லை?”

“வருவினம் அக்கா.”

“எத்தினை பேரோட போய் இருந்த மனுசன். சாப்பாட்டில கையை வைச்சிட்டும் எழும்பிப் போவார். நான் எவ்வளவு ஏசியிருப்பன்.” அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்ப அவையளுக்கு அது ஒண்டுமில்லைப் போல. எனக்குத்தான் பெரிசாத் தெரிஞ்சிருக்கு.”

நான் எழும்பி மண்டப வாசலுக்குப் போய்ச் சிவபாதத்துக்கு ஃபோன் அடித்தேன். வான் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த அதே சிவபாதம்தான். எடுத்ததும் ஏசினேன்.

“உனக்கு நன்றி எண்டு ஒண்டு இருக்கோ? மனுசன் இஞ்ச தனியக் கிடக்குது, நீ வீட்டில காலை நீட்டிக்கொண்டு ரீவி பாக்கிறியோ?”

“ஆர் அக்கா? ஆர் கிடக்கிறது?”

“கிளிபோட் அண்ணை!”

“எந்தக் கிளிபோட்?”

“அறிவித்தல் பாக்கேல்லையோ நீ?”

“பாத்தனான். ஆரோ கோட்டுப் போட்ட ஒரு ஆள். தெரியாத சனம் எண்டு தள்ளிவிட்டிட்டன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“சிவபாதம், அப்புக்காத்தடா. எங்கட அப்புக்காத்து.”

அந்தப் பக்கத்தில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. “ஐயோ அக்கா, எனக்கு அவற்ற பேர் தெரியாதே” என்றான். இவ்வளவு வருசம் அவர் வானில் போனவன், அவர் வீட்டில் தின்றவன். பெயர் தெரியாது. அவனை என்ன சொல்லி ஏசுவது? ராஜிக்கு அடித்தேன். அவளும் அதே மாதிரி அறிவித்தலைப் பார்த்திருக்கிறாள், தள்ளியிருக்கிறாள். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு எழுதியிருந்தது. அனைவரும் ஏற்றுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கிறார்கள்.

திரும்பி உள்ளே போய் ஏஞ்சலாவைக் கூப்பிட்டேன். யூஜினி அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தே சொன்னேன், சனம் வராமல் விட்டதல்ல, சனத்துக்குத் தெரியாது. திருப்பி ஒரு அறிவித்தல் போடு பிள்ளை, அடைப்புக்குறியோடு.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். “அன்ரி, உங்களுக்கு விளங்கேல்லை. அவை வந்து அப்பாவைப் பாக்கட்டும். அந்த ஜோக்கைப் பாக்க வரத் தேவையில்லை.”

நான் வாயைத் திறக்க முதல் யூஜினி அக்கா எழும்பினார். கட்டின நாளில் இருந்து புருசனின் பெயரைச் சொல்லாத மனுசி. மகளின் கையில் இருந்த ஃபோனைத் தொட்டார்.

“பிள்ளை, அப்புக்காத்து எண்டு போடு. அவர் ஆர் எண்டு சொல்லாமல், ஆரைப் பாக்க வரச்சொல்லுறாய்?”

அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி ஏஞ்சலா கேட்டதேயில்லை. நானும் கேட்டதில்லை. அவள் கதிரையில் இருந்து தட்டத் தொடங்கினாள். படத்தையும் மாற்று என்றேன். என் ஃபோனில் இருந்த ஒன்றை அனுப்பினேன். பிளாசாவில் எடுத்தது, நீலத்தொப்பி, மீசை, கையில் கோப்பி, பாதி மூடின கண். அன்று இரவே அது ஊரெல்லாம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாகனம் விட இடமில்லை.

மண்டபத்து ஆட்கள் ஓடி ஓடிக் கதிரை கொண்டுவந்தார்கள். சிவபாதம் முதல் ஆளாக வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதான். ராஜி வந்தாள், அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்த பெட்டையையும் கூட்டிக்கொண்டு. அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். நெஸ்ரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். விட்பியில் இருந்து மிர்னா மூன்று ஆண்பிள்ளைகளோடு வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, “அபொகாதோ, அபொகாதோ” என்றாள். அவளுக்கும் எனக்கும் வேறு சொல் தேவைப்படவில்லை. அடித்து அடித்து அழுதோம். எனக்கு எங்கள் சாப்பாட்டு அறை அப்படியே கண்ணுக்குள் வந்தது, மைக்ரோவேவ் மணி அடிக்கிற சத்தம்கூட. அந்தக் கட்டடத்தில் இப்போது யாரோ சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் இந்தக் கதிரைகளில் இருந்தார்கள்.

ஏஞ்சலா வரிசைக்கு முன்னால் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், அப்புக்காத்தின் மகளோ என்று. முதலில் வெறுமனே தலையாட்டினாள். பிறகு ஓம் என்றாள். ஒவ்வொருவரும் அவளுக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். என்ர மகனின்ர பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். என்ர மனுசன் செத்தபோது ஆஸ்பத்திரியில பக்கத்தில இருந்தவர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் அழுதுகொண்டுதான் சிரித்தார்கள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும், தமிழ்நாட்டுப் பிள்ளை, பெயர் சியாமளா. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள், இங்கே ஒருவரும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முதல் சிவபாதத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்தில், தனியாக இருந்து அழுதுகொண்டிருந்த அவளைக் கண்டு அப்புக்காத்து போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார். யாரோ அனுப்பின இரண்டாவது அறிவித்தலைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

“அப்புக்காத்துங்கிறதுதான் அங்கிளோட பேருன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். “அந்தப் பேரப் பாத்ததும் ஓடி வந்துட்டேன்.”

ஏஞ்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உங்களுக்கு என்ன செய்தவர் என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்யலைங்க. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தார்.” அவள் தயங்கினாள். “செவ்வாக்கெழம எனக்கு ஸ்கேன் ரிசல்ட் சொல்றாங்க. கூட வர்றேன்னு சொல்லியிருந்தார். அத அவருக்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நான் பாத்துக்கிறேன் அங்கிள், கவலப்படாதீங்கன்னு.”

பெட்டிப் பக்கம் திரும்பினவளின் கையை ஏஞ்சலா விடவில்லை. எனக்கு ஏஞ்சலாவைத் தெரியும். எத்தனை வழக்கு இருக்கும், எத்தனை கூட்டம் இருக்கும். அப்பன் செத்த கிழமை. ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்புவாள், ஒரு விசிற்றிங் கார்ட் கொடுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் சியாமளாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எத்தினை மணிக்கு?” என்று கேட்டாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த யூஜினி அக்கா அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பெட்டியைத்தான் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.